பில்ட் சர்வர்: தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சிறு குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாங்கூழ் ஆலையின் எடைமேடை ரசீது, பால் சங்கத்தின் கணக்கு, ஓசூர் உதிரிபாக ஆலையின் இருப்புப் பதிவு என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் இரண்டு பேரும் நான்கு பேருமாகச் சேர்ந்து மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்களோடும் பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களோடும் பேசும்போதெல்லாம் பில்ட் சர்வரைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஜென்கின்ஸ் என்ற பில்ட் சர்வர் மென்பொருளை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் முதல் சில கேள்விகளைத் தாண்டிவிடலாம்.

பில்ட் சர்வர் என்றால் என்ன சார்? என் லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்தினாலே பில்ட் ஆகிவிடுகிறதே?

பில்ட், அதாவது எழுதிய நிரலிலிருந்து ஓடக்கூடிய கோப்பை உருவாக்கும் வேலை, ஆகிறது, உங்கள் லேப்டாப்பில். அங்கே நீங்கள் என்றோ நிறுவிய ஜாவா பதிப்பு இருக்கிறது. கிட்டில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) சேர்க்க மறந்த ஒரு கோப்பு இருக்கிறது. அவசரத்துக்குக் கையால் மாற்றிய ஓர் அமைப்பும் இருக்கிறது. இவற்றில் எதை நம்பி உங்கள் பில்ட் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

பில்ட் சர்வர் என்பது குழுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கணினி. கிட்டில் புதிய கமிட் (பதிந்த மாற்றம்) வந்ததும் மூலநிரலைப் புதிதாக எடுத்து, கணினி ஓட்டும் வடிவுக்குக் கம்பைல் செய்து, டெஸ்டுகளை (நிரலைச் சோதிக்கும் சிறு நிரல்களை) ஓட்டி, ஆண்ட்ராய்டு ஏபிகேயோ ஜாவா ஜாரோ உங்களுக்கு வேண்டியதை உருவாக்கி வைக்கும். இடையில் தவறினால் உடனே சொல்லும். மாங்காய் விற்பவர் வீட்டுத் தராசும் வாங்குபவர் தராசும் வேறு வேறு எடை காட்டும்போது பொது எடைமேடைச் சீட்டைத்தான் இருவரும் ஏற்கிறார்கள் அல்லவா? அந்த இடம்தான் இதற்கும்.

நாங்கள் இரண்டே பேர். எங்களுக்கு எதற்கு இது?

இரண்டு பேர் என்பதால்தான் கேட்கிறேன்: வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கோப்பு யாருடைய கணினியில் உருவாகிறது? அவர் திங்கட்கிழமை காலை பெங்களூரு பஸ்ஸில் இருக்கும்போது காவேரிப்பட்டணம் ஆலையில் ரசீது அச்சாகவில்லை என்றால், மற்றவர் பாலக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வார்? நிரல் இருவரிடமும் இருக்கும். வெளியீட்டை உருவாக்கத் தெரிந்த கணினி ஒன்று மட்டும் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்.

தனி ஆளாகக் கல்லூரித் திட்டம் செய்பவருக்குச் சர்வர் கட்டாயமில்லை. ஐந்தாவது கேள்வியில் சொல்லும் ஒரே கட்டளை பில்ட் அவருக்குப் போதும்.

சர்வர் என்றால் விலை அதிகம் இல்லையா அண்ணா?

மூலையில் கிடக்கும் பழைய மேசைக் கணினி போதும். சிறு குழுவுக்கு 4 ஜிபிக்கு மேல் நினைவகமும் 50 ஜிபிக்கு மேல் வட்டு இடமும் வேண்டும் என்பது ஜென்கின்ஸ் ஆவணங்களின் பரிந்துரை. ஆண்ட்ராய்டு பில்ட் என்றால் கிரேடில் என்ற பில்ட் கருவி நினைவகத்தை விழுங்கும். 16 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். செலவு செய்வதற்குக் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள், செயலியை அப்புறம் பார்க்கலாம். பில்ட் என்பது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்து எழுதும் வேலை. பழைய சுழல் வட்டில் அது ஊர்ந்துகொண்டே இருக்கும்.

ஜென்கின்ஸ் போடவா, கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போடவா?

நிரல் ஏற்கெனவே கிட்ஹப் தளத்தில் இருந்தால், அந்தத் தளமே தன் கணினிகளில் பில்டை ஓட்டித் தரும் ஆக்ஷன்ஸ். இதில் நான் அதிகம் யோசிப்பதில்லை. 2019 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் கிடைக்கிறது. பொதுக் களஞ்சியங்களுக்கு (யாரும் பார்க்கக்கூடிய நிரல் தொகுப்புகளுக்கு) வழக்கமான ரன்னர்கள், அதாவது பில்டை ஓட்டும் கணினிகள், இலவசம். தனியார் களஞ்சியம் என்றால் இலவசக் கணக்குக்கு மாதம் 2000 நிமிடங்கள். கிட்லேப் தளத்திலும் இதே வசதி உண்டு, இலவச நிமிடங்கள் குறைவு. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை என்பதால் தொடங்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரல் எங்கள் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று வாடிக்கையாளர் சொன்னாலோ, பில்ட் கனமாக இருந்து நிமிடங்கள் பத்தாமல் போனாலோ ஜென்கின்ஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி 2004இல் ஹட்சன் என்ற பெயரில் எழுதத் தொடங்கியது இது. 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு பெயர் உரிமையில் தகராறு வந்தது. 2011 தொடக்கத்தில் பங்களிப்பாளர்கள் வாக்கெடுத்து ஜென்கின்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு தனியே வந்துவிட்டார்கள். அந்தப் பழைய பெயர் இன்றும் உள்ளே ஒளிந்திருக்கிறது. கடைசிக் கேள்வியில் பார்ப்பீர்கள்.

ஜென்கின்ஸுக்குப் பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) ஏறத்தாழ 2000 உண்டு. பலமும் தலைவலியும் அதுவேதான். பார்க்கும் ஒவ்வொன்றையும் நிறுவினால் ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பரிந்துரைக்கும் தொகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் எதை நிறுவ வேண்டும்?

எதையும் நிறுவ வேண்டாம். புதிய கணினி ஒன்றில் களஞ்சியத்தை குளோன் செய்து (முழுதாக நகலெடுத்து), ஒரே கட்டளையில் முழு பில்டும் முடிகிறதா என்று பாருங்கள். மேவன், கிரேடில், மேக்ஃபைல், சாதாரண ஷெல் நிரல் எதுவானாலும் சரி. இடையில் ‘இந்தக் கோப்பை இங்கே நகலெடு’, ‘இந்தப் பெட்டியில் டிக் செய்’ என்று ஒரு படி கையால் செய்ய வேண்டியிருந்தால் அது முடிந்த பில்ட் அல்ல. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்ற பில்ட் கருவியை எழுதியது 1976இல். ஒரே கட்டளை என்ற எண்ணத்துக்கு அவ்வளவு வயது.

அந்தக் கட்டளை கைக்கு வந்துவிட்டால் சர்வர் அமைப்பது ஒரு பிற்பகல் வேலை. அது வராமல் ஜென்கின்ஸை நிறுவியவர்கள் வாரக்கணக்கில் ஜென்கின்ஸைத் திட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பில்ட் படிகளை ஜென்கின்ஸ் திரைப் பெட்டிகளில் தட்டச்சு செய்யவும் வேண்டாம். ஜென்கின்ஸ்ஃபைல் என்ற கோப்பாக நிரலோடு சேர்த்துக் கிட்டில் வையுங்கள். யார் எப்போது எதை மாற்றினார் என்பது அங்கேயே பதிவாகும்.

டெஸ்டே எழுதவில்லை. அப்புறம் எதற்கு சர்வர்?

கம்பைல் ஆகிறதா என்ற ஒரு சோதனைக்கே மதிப்பு உண்டு. மறந்த கோப்பு, தவறிய பதிப்பு, பாதியில் விட்ட இணைப்பு எல்லாம் அதிலேயே மாட்டும். பிறகு வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொல்லும்போதெல்லாம், சரிசெய்வதற்கு முன் அதைப் பிடிக்கும் ஒரு டெஸ்டை எழுதுங்கள். ஒரு மாம்பழப் பருவம் முடிவதற்குள் உருப்படியான தொகுப்பு சேர்ந்துவிடும்.

எப்போது ஓட்டுவது? ஒவ்வொரு புஷ்ஷுக்குமா, இரவில் ஒரு தடவையா?

ஒவ்வொரு புஷ்ஷுக்கும், அதாவது ஒருவர் தன் கமிட்டுகளைக் குழுவின் களஞ்சியத்துக்கு அனுப்பும்போதெல்லாம். இரவு ஓட்டினால் காலையில் பத்து கமிட்டுகளுக்கு நடுவில் குற்றவாளியைத் தேட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓட்டினால் தேடலே இல்லை. நீண்ட நேரம் எடுக்கும் சோதனைகளை மட்டும் இரவுக்குத் தள்ளலாம்.

ஜென்கின்ஸில் நேரம் குறிக்கும்போது நிமிடத்தின் இடத்தில் சுழியத்துக்குப் பதிலாக எச் என்ற ஆங்கில எழுத்தைப் போடுங்கள். எல்லா வேலைகளும் சரியாக ஒரே நிமிடத்தில் எழுந்து நிற்காமல் பரவிக்கொள்ளும். அட்டவணையின் முதல் வரியில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று குறிக்கலாம். குறிக்காவிட்டால் சர்வரின் நேரப்படி ஓடும். அது பெரும்பாலும் உலக நேரமாக இருக்கும், நம்மைவிட ஐந்தரை மணி பின்னால்.

கிட்ஹப்பில் வெப்ஹூக் வைத்துவிட்டேன். ஆனால் ஜென்கின்ஸுக்கு ஒன்றும் வரவில்லையே?

வெப்ஹூக் என்றால் புதிய கமிட் வந்ததைச் சொல்ல கிட்ஹப் உங்கள் சர்வரைத் தேடி வர வேண்டும். அதற்கு உங்கள் அலுவலகத்துக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், இணையச் சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ரவுட்டரில் எந்த வாசலைத் திறந்தாலும் பயனில்லை.

எளிய வழி, ஜென்கின்ஸே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் புதிய கமிட் இருக்கிறதா என்று கேட்பது. நான்கு பேர் குழுவுக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. இன்னொரு வழி, உங்கள் கணினியில் கிட்ஹப்பின் சொந்த ரன்னரை நிறுவுவது. அது உள்ளிருந்து வெளியே தொடர்புகொள்வதால் வாசல் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுக் களஞ்சியத்துக்குச் சொந்த ரன்னரை இணைக்காதீர்கள்: முன்பின் தெரியாத ஒருவர் புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வழியாக உங்கள் கணினியில் அவர் நிரலை ஓட்ட வாய்ப்பு இருக்கிறது. கிட்ஹப்பும் இதை எச்சரிக்கிறது.

மின்தடை வந்தால் என்ன ஆகும்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்தே நிறுத்திவிடுகிறார்களே?

அறிவித்த மின்தடைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. முந்தைய நாளே ஒழுங்காக நிறுத்திவிடுங்கள். அறிவிக்காமல் இரண்டு நிமிடம் போய்வரும் மின்சாரம்தான் வட்டைக் கெடுக்கும். அதற்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று கட்டாயம், ரவுட்டருக்கும் சேர்த்து. பயாஸில் ‘மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடங்கு’ என்ற அமைப்பை இயக்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை யாரும் அலுவலகத்துக்குப் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை.

ஜென்கின்ஸில் பைப்லைன் வகை வேலைகள் (ஜென்கின்ஸ்ஃபைலில் படிகளாக எழுதியவை) எங்கே நின்றன என்பதை வட்டில் குறித்துவைக்கும். கட்டுப்படுத்தும் கணினி மட்டும் மறுதொடக்கம் ஆகி, பில்டை ஓட்டும் ஏஜென்ட் கணினி வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே கணினி என்றால் ஓடிக்கொண்டிருந்த கம்பைல் செத்துவிடும். மறுபடி ஓட்டத்தான் வேண்டும். பாதி எழுதிய கோப்பு முழுக் கோப்பாக வேடம் போடாமலிருக்க, தற்காலிகப் பெயரில் உருவாக்கி, முடிந்த பிறகு மட்டும் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள்.

என் கணினியில் நன்றாக ஓடுகிறது. சர்வரில் மட்டும் தோற்கிறது. சர்வர்தானே தவறு?

அநேகமாக இல்லை. சர்வர் சொல்வதை நம்பி, பின்வருவனவற்றை இதே வரிசையில் பாருங்கள். முதலில், கிட்டில் சேராத கோப்பு. அடுத்து, கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து: விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. பிறகு வரி முடிவுக் குறி. விண்டோஸில் சேமித்த ஷெல் நிரல் லினக்ஸில் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று புரியாத பிழையைத் தரும். ஜாவா, நோட் பதிப்புகள். உங்கள் பயனர் பெயர் அடங்கிய கோப்புறைப் பாதை ஏதாவது நிரலில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதும்.

இவை எதுவும் இல்லையென்றால் நேரத்தைச் சந்தேகியுங்கள். பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது ஆலைக்கு லாரிகள் இரவெல்லாம் வருகின்றன. அதிகாலை 2 மணி எடைக்கு எந்தத் தேதி போட வேண்டும்? உலக நேரத்தில் ஓடும் சர்வருக்கு அது இன்னும் முந்தைய நாள். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் மட்டும் தோற்கும் டெஸ்டைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம். அது உண்மையான பிழை. வாடிக்கையாளரின் சர்வர் உலக நேரத்தில் இருந்தால் அங்கேயும் தவறான தேதிதான் அச்சாகும்.

சர்வரில் உருவான ரசீதில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வருகிறதே?

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான் இது. பில்ட் சர்வரில் மொழி அமைப்பு எதுவும் குறிக்கப்படாமல் இருந்தால், பழைய ஜாவா பதிப்புகள் எழுத்துகளை ஆஸ்கியாகக் கருதும். அதில் தமிழுக்கு இடமில்லை, எல்லாம் கேள்விக்குறி. 2022இல் வந்த ஜாவா 18 முதல், எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 இயல்பிருப்பாகிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் கம்பைல் செய்யும்போதும் ஓட்டும்போதும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘கிருஷ்ணகிரி’ என்ற சொல்லை எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிடும் ஒரு டெஸ்டையும் சேர்த்துவிடுங்கள். கூட்டெழுத்து, ஒற்று எல்லாம் அதில் இருக்கின்றன.

சிவப்பு விளக்கு வந்தால் யார் சரிசெய்வது? எல்லோரும் ‘நான் இல்லை’ என்கிறார்கள்.

சிவப்பு என்றால் பில்ட் தோற்றது, பச்சை என்றால் தேறியது. சிவப்பு வந்தால் கடைசியாகப் புஷ் செய்தவர் பார்க்கத் தொடங்க வேண்டும். கால் மணி நேரத்தில் புரியவில்லை என்றால் அந்தக் கமிட்டைத் திரும்பப் பெற்று, பச்சையாக்கிவிட்டு, நிதானமாக ஆராயலாம். சிவப்பாக இருக்கும்போது அதன் மேல் புதிய வேலையைப் புஷ் செய்யக் கூடாது. இந்த ஒரு விதியைக் குழு ஏற்காவிட்டால் சர்வரை அணைத்துவிட்டு மின்கட்டணத்தையாவது மிச்சப்படுத்துங்கள். மூன்று வாரம் சிவப்பாகவே இருக்கும் திரையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அறிவிப்பு தவறு செய்தவருக்கும் குழுவுக்கும் மட்டும் போகட்டும். ஒவ்வொரு பச்சைக்கும் மின்னஞ்சல் அனுப்பினால் சிவப்பு மின்னஞ்சலும் திறக்கப்படாமலே போகும்.

ஒரே நிரல், ஒரு தடவை பச்சை, ஒரு தடவை சிவப்பு. மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்: ஒரு டெஸ்ட் விட்டுச்சென்ற தரவை இன்னொன்று நம்புவது, ‘இரண்டு நொடி காத்திரு’ என்று குத்துமதிப்பாக எழுதியது, வெளி இணையச் சேவையை அழைப்பது, மேலே சொன்ன நேரச் சிக்கல். தானாக மூன்று முறை மறுபடி ஓட்டும் பிளகின் இருக்கிறது. அதைப் போட்டால் நோய் மறையும், தீராது. அந்த டெஸ்டைத் தனியே ஒதுக்கி, சரிசெய்பவர் பெயரைப் போட்டு, முதன்மைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எங்கள் பில்ட் 40 நிமிடம் ஓடுகிறது. காத்திருக்க முடியவில்லை.

எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையை வகுத்த கென்ட் பெக் பத்து நிமிடத்தை எல்லையாகச் சொன்னார். அதற்கு மேல் போனால் ஆட்கள் புஷ் செய்வதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நூலகங்களை இணையத்திலிருந்து இறக்குகிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் இணைப்பில் நேரத்தில் பாதி அங்கே போய்விடும். உள்ளேயே சேமித்துவைத்தால் தீர்ந்தது. பிறகு டெஸ்டுகளை விரைவானவை, மெதுவானவை என்று இரண்டாகப் பிரியுங்கள். புதிய கணினி வாங்குவது கடைசி வழி.

டாக்கர் கட்டாயமா?

இல்லை. ஒவ்வொரு பில்டையும் அதற்கு வேண்டிய கருவிகளோடு தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் கருவி அது. ஒரு வாடிக்கையாளருக்கு ஜாவா 8, இன்னொருவருக்கு ஜாவா 21 என்று ஒரே சர்வரில் ஓட்ட வேண்டியிருந்தால் நல்லது. ஒரே திட்டம் என்றால் இன்னொரு பராமரிப்பு வேலைதான்.

ஐபோன் செயலியை இதே லினக்ஸ் கணினியில் பில்ட் செய்யலாமா?

முடியாது. ஐபோன் செயலியை உருவாக்கும் எக்ஸ்கோடு, ஆப்பிளின் மேக் கணினியில் மட்டுமே ஓடும். ஒரு மேக் மினியை ஏஜென்டாக இணைக்கலாம், அல்லது அந்த ஒரு பில்டுக்கு மட்டும் இணையவழி கிடைக்கும் மேக் ரன்னரை எடுத்துக்கொள்ளலாம்.

வட்டு நிரம்பிவிட்டது என்று நின்றுவிட்டது. என்ன செய்வது?

பழைய பில்டுகளைத் தானாக நீக்கும் அமைப்பை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். கடைசி 20 பில்டுகளும், வாடிக்கையாளருக்குக் கொடுத்த ஒவ்வொரு வெளியீடும் இருந்தால் போதும். காலி இடம் 1 ஜிபிக்குக் கீழே போனால் ஜென்கின்ஸ் தானே அந்தக் கணினிக்கு வேலை கொடுப்பதை நிறுத்தும். அது பழுதல்ல, தற்காப்பு.

கடவுச்சொல், ஆண்ட்ராய்டு கீஸ்டோர் எல்லாம் கிட்டில் இருக்கின்றன. தனியார் களஞ்சியம்தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கீஸ்டோர் என்பது செயலியில் கையொப்பமிடும் சாவி உள்ள கோப்பு. நாளை வேலையை விட்டுப் போகிறவரின் லேப்டாப்பிலும் அந்தக் களஞ்சியம் முழுதாக இருக்கிறது. கோப்பை இன்று நீக்கினாலும் கிட் வரலாற்றில் அது இருக்கும். எனவே கடவுச்சொல்லை மாற்றுவதுதான் தீர்வு. இரகசியங்களை ஜென்கின்ஸின் கிரெடென்ஷியல்ஸ் பகுதியிலோ கிட்ஹப்பின் சீக்ரெட்ஸ் பகுதியிலோ வையுங்கள். லாகில் (பில்ட் ஓட்டத்தின் பதிவில்) அவை நட்சத்திரக் குறியாக மறைக்கப்படும். ஆனால் நிரல் அதைத் துண்டாக்கியோ வேறு வடிவில் மாற்றியோ அச்சிட்டால் மறைப்பு வேலை செய்யாது.

பிளே ஸ்டோரில் 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகளுக்கு இறுதிக் கையொப்பச் சாவியைக் கூகுளே வைத்துக்கொள்கிறது. உங்களிடம் இருப்பது பதிவேற்றச் சாவி. தொலைந்தால் மாற்றக் கேட்கலாம். அதற்கு முன் வெளியிட்டு, அந்தத் திட்டத்தில் சேராத செயலி என்றால் சாவி தொலைந்த அன்றே அந்தச் செயலிக்குப் புதுப்பிப்பு கிடையாது.

வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று ஜென்கின்ஸை இணையத்தில் திறந்துவைத்திருக்கிறோம். தப்பா?

தப்பு. 2024 ஜனவரியில் வெளியான ஒரு பாதுகாப்புக் குறையால், உள்நுழையாதவர்களே ஜென்கின்ஸ் கணினியில் உள்ள கோப்புகளின் பகுதிகளைப் படிக்க முடிந்தது. 2.442 பதிப்பிலும் நீண்டகால ஆதரவு வரிசையில் 2.426.3 பதிப்பிலும் சரிசெய்தார்கள். புதுப்பிக்காதவை வெகுகாலம் திறந்தே கிடந்தன. வீட்டிலிருந்து பார்க்க விபிஎன் (அலுவலக வலைப்பின்னலுக்குள் நுழையும் மறையாக்கப்பட்ட வழி) வையுங்கள்.

பில்ட் சர்வருக்குள் ஒருவர் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் நடந்த ஊடுருவல் சாட்சி. 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. ஊடுருவியவர்கள் கம்பைல் நடக்கும் நேரத்தில் மட்டும் ஒரு மூலக் கோப்பை மாற்றிவைத்துவிட்டு, முடிந்ததும் பழையபடி திருப்பிவைத்தார்கள். களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கையொப்பமிட்ட அந்தப் புதுப்பிப்பு 18,000 வாடிக்கையாளர்கள் வரை போய்ச் சேர்ந்தது.

பில்ட் பச்சையானதும் நேரே வாடிக்கையாளர் சர்வரில் ஏற்றிவிடலாமா?

சோதனைச் சர்வரில் தாராளமாக ஏற்றுங்கள். உண்மைச் சர்வருக்கு ஒரு மனிதர் அழுத்தும் பொத்தான் இருக்கட்டும்; நம் வாடிக்கையாளர்களின் தொழில் அப்படி. ஜூன் மாதம் ஆலை வாசலில் லாரி வரிசை நிற்கும்போது மாற்றம் எதுவும் வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். சோதித்த அதே கோப்பைத்தான் ஏற்ற வேண்டும். வெளியீட்டுக்கென்று மறுபடி கம்பைல் செய்தால் அது சோதிக்காத கோப்பு. முந்தைய வெளியீட்டுக்குத் திரும்பும் வழியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஜென்கின்ஸை அமைத்தவர் வேலையை விட்டுப் பெங்களூரு போய்விட்டார். நிர்வாகி கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் போய்விட்டதா சார்?

போகவில்லை. கணினியின் ரூட் (முழு நிர்வாக) அனுமதி உங்களிடம் இருந்தால் போதும். முதலில் அதை வலைப்பின்னலிலிருந்து பிரியுங்கள், ஏனென்றால் சிறிது நேரம் கதவு திறந்திருக்கப் போகிறது. ஜென்கின்ஸை நிறுத்தி, அதன் வீட்டுக் கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள். டெபியன், உபுண்டுவில் வழக்கமாக அது வார், லிப் கோப்புறைகளுக்குள் ஜென்கின்ஸ் என்ற பெயரில் இருக்கும். அங்கே உள்ள கான்ஃபிக் எக்ஸ்எம்எல் கோப்பில், பாதுகாப்பைப் பயன்படுத்து என்ற வரியை ‘பொய்’ என்று மாற்றி மறுபடி தொடங்கினால் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும். புதிய நிர்வாகியை உருவாக்கி, பாதுகாப்பை மீண்டும் இயக்கிய பிறகே வலைப்பின்னலில் இணையுங்கள்.

நகலெடுக்கும்போது சீக்ரெட்ஸ் கோப்புறை விடுபடக் கூடாது. சேமித்த கடவுச்சொற்களைத் திறக்கும் சாவிகள் அதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் இன்றும் ஹட்சன் என்றுதான் தொடங்குகிறது. அது இல்லாமல் வேறு கணினிக்கு மாற்றினால் வேலைகள் வரும், கடவுச்சொற்கள் வராது. எப்படியும் போனவருக்குத் தெரிந்திருந்த கிட் டோக்கன், சர்வர் கடவுச்சொல், பதிவேற்றச் சாவி எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்பதால், அந்தப் பட்டியலை எழுதும் வேலையை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.